கை நனைக்காத விருந்து

காலையில் தின்ற ஒரு ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் தவிர, சோலைமலையின் வயிற்றில் வேறொன்றும் இறங்கவில்லை. இருநூறு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய வலது தோள், கழற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டால் தேவலை என்கிற மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டில் வெள்ளையாக, சுருளாக, ஆவி பறக்க ஏதோ ஒன்று.

"எனக்கு வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார் சோலைமலை. "நாங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."

"இது சாப்பாடு இல்லண்ணே," என்று குனிந்து சொன்னார் வெயிட்டர் கஜேந்திரன். "கை தொடைக்கிற துண்டு."

"அதுவும் வேணாம்."

கஜேந்திரன் நானுஓயாக்காரர். நாற்பத்தைந்து வயது, அடர்ந்த மீசை. அந்த மீசைக்குக் கீழே கறுப்பில் ஜப்பான் அங்கியும் இடுப்பில் சிவப்பு நாடாவும் மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

நுவரெலியா டவுனில் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடி அது. தாய்லாந்துச் சாப்பாட்டையும் ஜப்பான் சாப்பாட்டையும் ஒன்றாகக் கலந்து, மேலே காது கிழிகிற பாட்டையும் ஊற்றித் தருகிற கடை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே ஆறு மணிக்கே நடுச்சாமம். ஊதா வெளிச்சத்தில் அவரவர் தட்டு அவரவர்க்கே தெரியவில்லை. சாப்பிடுகிற இடத்தில் விளக்கை அணைத்து வைக்கிறான் என்றால் சோற்றில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று உள்ளே நுழைந்தபோதே சோலைமலை முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் அவர் கோபம் சோற்றின் மேல் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜீவராஜ் மேல்.

ஜீவராஜ் ஒரு காலத்தில் அக்கரப்பத்தனையில் சோலைமலை வேலை செய்கிற தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பதினாலு வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்று பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்தவர். சோலைமலையின் மனைவி மீனம்மா சாக்கைத் தொங்கவிட்டால் முள் பதினெட்டில் நிற்கும். எழுதித் தருகிற துண்டுச் சீட்டில் பதினாறு விழும். கேட்டால், "இலையில தண்ணி" என்பார். மழை பெய்தாலும் தண்ணி. மாசி வெயிலில் செடி கருகிப் போய் நிற்கும்போதும் தண்ணி. அந்த இரண்டு கிலோ குறைந்ததால் எத்தனையோ நாள் மீனம்மாவுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் கூலி.

அந்த ஜீவராஜ் மாற்றலாகி, ரிட்டயராகி, ஹட்டனில் மாடி வீடு கட்டி உட்கார்ந்த பிறகு, அவருடைய மகன் துஷாந்த் வந்து சோலைமலையின் மகள் சுலக்ஷனாவைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். நுவரெலியாவில் எத்தனையோ பெண்கள். இவனுக்கு இவள்தான் கிடைத்தாளா?

"பொண்ணு ஆசைப்பட்டுட்டா. பழசெல்லாம் விடுங்களேன்," என்று மீனம்மா ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தாள்.

"நிறுவையில வெட்டுனது உன் கொழுந்து. எனக்குத்தான் எரியுது, உனக்கு எரியல. நல்ல பொம்பளை நீ."

"இப்ப என்னா செய்யச் சொல்றீங்க?"

"வெட்டுனேன்னு அந்தாளு வாயால சொல்லட்டும். உன் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அது வரைக்கும் அவங்க சோத்துல நான் கை நனைக்க மாட்டேன். நீயும் நனைக்கக் கூடாது."

சம்பந்தம் பேசப் போன இடத்தில் தண்ணி குடிக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண்ணைக் கொடுத்த மாதிரி. இது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் சுலக்ஷனாவும் துஷாந்தும் யோசித்து, இரண்டு வீடும் வேண்டாம் என்று இந்தக் கடைக்குக் கூட்டி வந்தார்கள். துஷாந்துக்குக் கீழ் மாடிக் கந்தோரில்தான் ஆபீஸ் வேலை. ஆனால் உள்ளே வந்ததுமே ஜீவராஜ், "இன்னிக்கு எல்லாம் நம்ம செலவுதான்" என்று சொல்லித் தொலைத்தார். அத்தோடு கடைச் சோறு மாப்பிள்ளை வீட்டுச் சோறாகிவிட்டது.

"அப்பா, இங்க குச்சியாலதான் சாப்பிடுவாங்க," என்று சுலக்ஷனா காதில் சொன்னாள். "கையே படாது."

"கையில பட்டா என்னா, குச்சியில பட்டா என்னா? வயித்துக்குள்ள போறது யாரு வீட்டுச் சோறு?"

 சுலக்ஷனா துஷாந்தைப் பார்த்தாள். அவன் குச்சியைப் பார்த்தான்.

சாப்பாடு வரத் தொடங்கியது. பச்சை மீனைச் சோற்று உருண்டைமேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். எதிர் வரிசையில் இருந்த ஜீவராஜின் மனைவி அதைப் பார்த்து, "அடுப்புல கேஸ் முடிஞ்சிருச்சோ?" என்று மகனிடம் கேட்டாள். ஜீவராஜ் மட்டும் பழகினவர் போல இரண்டு குச்சிகளையும் பிடித்து ஓர் உருண்டையைத் தூக்கினார். அது நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை ஒரு குச்சியால் குத்தித் தூக்கி வாயில் போட்டுக்கொண்டு, சோலைமலையைப் பார்த்தார்.

"என்னா சோலமல, கை வைக்க மாட்டேங்கிற? புடிக்கலியா?"

அந்த நிமிஷம்தான் நேரம். நீ வெட்டினதை ஒத்துக்கொள், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரமாக லயத்துக் காம்பராவில் வீட்டுச் சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்த வசனம். ஆனால் பதினாலு வருடம் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"இல்லைங்கய்யா... இன்னிக்கு விரதம்."

விரதம் என்று பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. ஐயா என்று சொன்னதற்காகத் தன்னையே அறையலாம் போலிருந்தது சோலைமலைக்கு. போதாததற்கு, ஜீவராஜ் உள்ளே வந்தபோது மீனம்மா நாற்காலியை விட்டு எழுந்து வேறு நின்றிருந்தாள். தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற மாதிரி.

"வியாழக்கிழமை என்னா விரதம்?" என்றாள் ஜீவராஜின் மனைவி.

"குரு பகவானுக்கு," என்று சுலக்ஷனா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

"அடடே! முதல்லயே சொல்லக் கூடாதா?" ஜீவராஜ் கையைத் தட்டினார். "தம்பி! இவருக்கு முழுக்க மரக்கறியாக் கொண்டாங்க. என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் கொண்டாங்க!"

கொண்டுவந்தார்கள். கடல்பாசியில் சுற்றிய சோறு. தேங்காய்ப் பாலில் மிதக்கிற வெள்ளைக் கட்டி. பச்சைக் குழம்பில் ஊறிய நூடுல்ஸ். பொரித்த பூசணி, பொரித்த கத்தரிக்காய், பொரித்த இன்னும் என்னவோ. ஏழு தட்டு. ஏழும் சோலைமலைக்கு முன்னால் வரிசையாக நின்று மணத்தன. எல்லாவற்றிலும் எலுமிச்சம்புல் வாசனை. அத்தனை பாட்டுச் சத்தத்திலும் அவர் வயிறு போட்ட கூப்பாடு மீனம்மாவுக்குக் கேட்டது.

"நம்ம விரதத்துல பச்சைத் தண்ணி தவிர ஒன்னும் கிடையாதுங்க," என்றார் சோலைமலை, தட்டுகளைப் பார்க்காமல்.

"அப்ப குடிக்க ஏதாச்சும் தரவாண்ணே?" என்றார் கஜேந்திரன். அவருக்கு ஏழு தட்டையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மனமில்லை.

குடிக்கிறது கை நனைப்பதில் சேராது. "கொண்டாங்க," என்றார் சோலைமலை.

கட்டையான கண்ணாடிக் குவளையில் வந்தது. தேத்தண்ணி நிறம். குவளையின் வாயிலிருந்து புகை வழிந்தது. மேலே பச்சையாக ஒரு தேயிலைக் கொழுந்து நட்டு வைத்திருந்தார்கள். ஒரு மடக்குக் குடித்ததுமே சோலைமலைக்குத் தெரிந்துவிட்டது, இது வெறும் தேத்தண்ணி இல்லை. உள்ளே ஏதோ அந்நிய நாட்டுச் சாராயம் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து காய்ந்த வயிறு, அதை ஐயோ வேண்டாம் என்று சொல்லவில்லை.

"விரதத்துல இதெல்லாம்..." என்று இழுத்தாள் ஜீவராஜின் மனைவி.

"தேத்தண்ணிங்க," என்றார் சோலைமலை.

"அப்ப எனக்கும் ஒரு தேத்தண்ணி!" என்றார் ஜீவராஜ். தன்னிடம் பேர் போட்டுக் கூலி வாங்கிய மனிதன் ஒன்றைக் குடித்து, தான் குடிக்காமல் இருந்தால் அந்தஸ்து என்னாவது?

ஆளுக்கு மூன்று தேத்தண்ணி உள்ளே போனது. மூன்றாவது குவளையில் இருந்த கொழுந்தைச் சோலைமலை இரண்டு விரலால் எடுத்து ஊதா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ரத்தம் ஏறியது.

"இதப் பாருங்க. மொட்டைக் காணோம். முத்திப் போன நாலாவது இலை. கடிச்சா பல்லு போயிரும். இதத்தான் வெள்ளைக்காரனுக்கு அழகுக்கு வச்சுக் குடுக்கிறானுக. இந்த இலை மீனம்மா சாக்குல ஒன்னு இருந்தா தராசுக்கிட்ட அண்ட விட்டிருப்பீங்களா?"

ஜீவராஜ் காதைத் தொட்டுக் காட்டினார். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

"கொழுந்தைப் பத்திக் கேக்கிறேன்!"

"என்னா?"

"நிறுவை! நிறுவை!"

"பாட்டு! ஒன்னும் விளங்கல!"

சோலைமலை கஜேந்திரனைக் கூப்பிட்டுப் பாட்டைக் குறைக்கச் சொன்னார். கஜேந்திரன் தூரத்தில் இருந்த ஆளுக்குக் கையைக் காட்டினார். அந்த ஆள் குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டான். நிறுத்தின அதே நிமிஷத்தில் சோலைமலை அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்:

"என் பொண்டாட்டிக்கு ரெண்டு கிலோ வெட்டுனீங்களா இல்லியா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பெண் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். மனேஜர் ஓடி வந்து, "மொகத ப்ரஷ்ணே?" என்று பிரச்சினை என்னவென்று கேட்டார். கஜேந்திரன் குடும்ப விஷயம் என்று சிங்களத்தில் சமாளித்து, ஆறு பேரையும் கிளப்பிக்கொண்டு போய் உள்ளே ஒரு தனி அறையில் விட்டார். ஏழு தட்டும் பின்னாலேயே வந்து தரையில் இறங்கின.

அது அசல் ஜப்பான் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாய்மேல் உட்கார வேண்டும். சோலைமலைக்கும் மீனம்மாவுக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை, பிறந்ததிலிருந்து உட்கார்ந்த பழக்கம். ஜீவராஜுக்குப் போன வருடம்தான் முழங்காலில் ஆப்பரேஷன். துஷாந்தும் கஜேந்திரனும் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, லொறியிலிருந்து கொழுந்துச் சாக்கை இறக்குகிற மாதிரி அவரை இறக்கி வைத்தார்கள். இறங்கும்போதே "அம்மா" என்றார்.

கதவை இழுத்துச் சாத்தியதும் அமைதி. இனிமேல் காதைத் தொட்டுக் காட்ட வழியில்லை.

"இப்ப கேக்குதுங்களா?" என்றார் சோலைமலை. "நான் சீதனம் பேச வரல. மாடி வீட்டைப் பாத்து வாய் பொளந்துகிட்டும் வரல. ஒரே ஒரு கேள்விதான். மீனம்மா கொழுந்துல வெட்டுனீங்களா?"

"அப்பா," என்றாள் சுலக்ஷனா. "அதுக்கு முன்னால நான் ஒன்னு சொல்லணும்."

"நீ சும்மா இரு."

ஜீவராஜ் பாயைப் பார்த்தார். தேத்தண்ணி அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. கண் கலங்கியது.

"வெட்டுனேன்," என்றார்.

சோலைமலையின் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இருபத்தைந்து வருடச் சுமை. தோள் வலிகூடக் கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டியா என்பது போல. வென்றாயிற்று. இனித் தடையில்லை. கடல்பாசிச் சோற்றை நோக்கி அவர் கை போனது.

"ஆனா ரெண்டு இல்ல, சோலமல," என்றார் ஜீவராஜ். "மூணு."

கை அந்தரத்தில் நின்றது.

"தராசு முள்ளையே ஒரு கிலோ பின்னுக்கு வச்சிருந்தோம். துண்டுல வெட்டுனதுதான் ரெண்டு. நீ கேட்டதால சொல்றேன். மனசுல ஒன்னும் வச்சுக்கக் கூடாது பாரு."

இதுவரை ஒரு வார்த்தை பேசாத மீனம்மா எழுந்து நின்றாள். இந்தத் தடவை மரியாதைக்கு இல்லை.

"மூணா?"

"மூணுதான்."

"இவள வயித்துல வச்சுக்கிட்டு ஏழாம் மாசம் மலை ஏறினேனே, அன்னைக்கும் மூணா?"

"அன்னைக்கும்தான்," என்றார் ஜீவராஜ். உண்மையைச் சொல்ல ஆரம்பித்த மனிதருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் வெட்டினேன். ஆள் பாத்து வெட்டல. தோட்டத்துத் தொரை கணக்குக் கேப்பாரு, நான் எங்க போவேன்? நீ மட்டும் யோக்கியமா? சாக்குக்கு அடியில தண்ணி ஊத்தல?"

"ஊத்தினேன்!" மீனம்மாவின் குரலில் அறையின் காகிதக் கதவு அதிர்ந்தது. "நீ வெட்டுவேன்னு தெரிஞ்சுதான் ஊத்தினேன்! ரெண்டுக்குத்தான் ஊத்தினேன். மூணுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு செம்பு ஊத்தியிருப்பேன்!"

"யாரைப் பாத்து நீன்னு சொல்ற?" என்று ஜீவராஜின் மனைவி குதித்தாள்.

"உன் புருசனைப் பாத்துத்தான்! இருபத்தஞ்சு வருசமா வாயிலயே வச்சிருந்த 'நீ' இது!"

"கேட்டியா துஷாந்த்? இந்த வீட்டுலயா பொண்ணு எடுக்கப் போறோம்?" ஜீவராஜ் முன்னாலிருந்த குட்டை மேசையைத் தட்டினார். "எந்திரி! போவோம்! இந்தக் கல்யாணம் நடக்காது!"

சொல்லிவிட்டு எழுந்தார். எழவில்லை. முழங்கால் மடங்கினது மடங்கினபடி இருந்தது. மேசையைப் பிடித்து ஒரு தரம் பார்த்தார். சுவரைப் பிடித்து ஒரு தரம் பார்த்தார். கோபத்தோடு வெளியேற வேண்டிய மனிதர் ஏழு மரக்கறித் தட்டுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தார்.

"தூக்கி விடுறா!"

துஷாந்த் அசையவில்லை. கடைசியில் சோலைமலைதான் வலிக்கிற தோளைக் கொடுத்து அவரைத் தூக்கினார். பாதி தூக்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"இருங்க. கல்யாணம் நடக்காதுன்னு யாரு சொல்றது?"

"நான்தான் சொன்னேன்! தூக்கு!"

"நீங்க சொல்லக் கூடாது. பொண்ணைப் பெத்தவன் நான் சொல்லணும். வெட்டுனதும் நீங்க, வேணாங்கிறதும் நீங்களா? நான் வேணாம்னு சொன்னதாலதான் நீங்க போறீங்க. ஒத்துக்கங்க, தூக்கி விடுறேன்."

"முடியாது!"

சோலைமலை கையை எடுத்தார். ஜீவராஜ் பாயில் பழையபடி உட்கார்ந்தார். பொரித்த கத்தரிக்காய்மேல்.

"மாமா..." என்று வாயெடுத்தான் துஷாந்த்.

"யாருடா மாமா? இனிமே மாமனும் கிடையாது மருமகனும் கிடையாது!"

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்களேன்," என்று சுலக்ஷனா அழுதாள்.

"ஒன்னும் சொல்ல வேணாம். நாளைக்குக் காலையிலயே உனக்கு வேற மாப்பிள்ளை பாக்கிறேன். தராசையே கண்ணால பாத்திராத வீடாப் பாத்துக் குடுக்கிறேன். இவங்க வீட்டுத் தாலி என் பொண்ணு கழுத்துல ஏறாது. இதுதான் முடிவு!"

"என் வீட்டுப் படியில உன் பொண்ணு கால் வைக்க மாட்டா," என்று பாயில் இருந்தபடியே சொன்னார் ஜீவராஜ். "இதுவும் முடிவு!"

கதவை இழுத்துத் திறந்துகொண்டு கஜேந்திரன் நின்றார். மனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த முகம். நசுங்கிய கத்தரிக்காயைப் பார்த்தார். சுலக்ஷனாவையும் துஷாந்தையும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

"கல்யாணம் நடக்காது, நடக்காதுன்னு கீழ் மாடி வரைக்கும் கேக்குதுங்க," என்றார்.

"எங்க குடும்பச் சண்டை, உனக்கு என்னாய்யா வந்துச்சு?" என்று சோலைமலையும் ஜீவராஜும் முதல் தடவையாக ஒரே குரலில் பாய்ந்தார்கள்.

கஜேந்திரனுக்கும் ரோசம் வந்துவிட்டது.

"எனக்கா? போன தை மாசம் இவங்க ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் கல்யாணம் முடிச்சப்ப சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதுக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன கல்யாணச் சாப்பாடு எனக்கு இன்னும் பாக்கி."